குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடமுன்: மொன்றியல் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கைமார் எல்லோருக்கும்,

கோட்-டெ-நெய்ஜில் இருந்து எழுதுகிறேன். விக்ரோறியா வீதிக் கடைகளில் மரக்கறி தெரிந்துகொண்டு நிற்கும்போதும், பிளமொண்டன் மெட்ரோ வாசலில் கண்டு கதைக்கும்போதும் உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "வசந்தத்தில எடுத்த குஞ்சுகள் பெருத்திட்டுது. பழைய கோழிகளோட எப்ப விடலாம்?" நின்ற நிலையில் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. ஓகஸ்ட் பிறந்துவிட்டது. இன்னும் மூன்று மாதத்தில் பனி கொட்டத் தொடங்கிவிடும். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோட்-டெ-நெய்ஜில் எங்களில் பெரும்பாலானோர் மாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறோம். கோழி நிற்பது அண்ணன் வீட்டுப் பின்வளவில், மகளின் வீட்டில், தெரிந்தவர்களின் வளவில். என்னுடைய கோழிகளும் அப்படித்தான், தம்பி வீட்டில் நிற்கின்றன. மொன்றியலில் கோழிக்கான விதி நகரப்பிரிவுக்கு நகரப்பிரிவு வேறு. எத்தனை கோழி, கூட்டுக்கு எவ்வளவு இடம், அயல்வீட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் மாறும். 311-க்கு அழைத்துத் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் ஒருதரம் வாசியுங்கள். அனுமதி இல்லாமல் தொடங்கிவிட்டுப் பிறகு கோழிகளை எங்கே கொண்டுபோய் விடுவது என்று அலைவது அந்த உயிர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். "ஊரில நாங்கள் வளர்க்காத கோழியோ? அம்மம்மா இதெல்லாம் பாத்தவவோ?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. அம்மம்மா பார்க்கவில்லைத்தான். அவர் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரில் குஞ்சுகளைக் கூட்டத்தோடு சேர்க்கிற வேலையைத் தாய்க்கோழியும், திறந்த வளவும், ஒரு சேவலும் செய்துகொண்டிருந்தன. இங்கே அவை ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒரு பெரிய கோழி நாலு கொத்தில் ஒரு குஞ்சின் மண்டையைப் பிளந்துவிடுகிறது. ஊர்க்கோழிகள் நல்லவை, இந்த நாட்டுக் கோழிகள் பொல்லாதவை என்று யாரும் நினைக்கவேண்டாம். கோழி அங்கும் இங்கும் ஒன்றேதான்.

தாய்க்கோழி என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். அடை வைத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வரும். அந்த நேரத்தில் அதற்கு வருகிற மூர்க்கத்தை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள்: இறகெல்லாம் சிலிர்த்து, செட்டையைத் தொங்கவிட்டு, நாயைக்கூட வேலிக்கரை மட்டும் துரத்தும். வளவில் நின்ற மற்றக் கோழிகள் அந்தக் குஞ்சுகளைக் கிட்ட நின்று பார்த்தன, ஆனால் கொத்தத் துணியவில்லை. ஆறு, எட்டுக் கிழமை இப்படிப் போகும். பிறகு தாயே குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும். அதற்குள் அந்த வளவில் நின்ற ஒவ்வொரு கோழிக்கும் அந்தக் குஞ்சுகள் பழகிய முகங்களாகிவிட்டன. எந்தக் கோழிக்கு வழிவிட வேண்டும், யார் தின்று முடிய எங்கே போய்ப் பொறுக்கலாம் என்பதைக் குஞ்சுகளும் தாயின் காலடியில் நின்றே படித்துவிட்டன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எங்கள் ஆட்கள் சொன்னது தாயை வைத்துத்தான். பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரித்து, வீட்டுக்குள் விளக்கின் கீழே வளர்ந்த குஞ்சுக்கு அந்தத் தாய் இல்லை. அது முதன்முதலாகப் பெரிய கோழியைக் காணும்போது அதுவும் அந்நியம், இதுவும் அந்நியம்.

அடுத்தது வளவு. இரண்டு மூன்று பரப்புக் காணியில் கொத்து வாங்கிய கோழி ஓடிப்போய் வாழையடியில் ஒளியலாம், கிணற்றடிக்குப் போகலாம், அடுத்த வீட்டுக்கே போகலாம். துரத்துகிற கோழியும் பத்தடிக்கு மேல் மினக்கெடாது. கம்பி வலை அடித்த சின்ன அடைப்புக்குள் ஓடினால் மூலைதான் வரும். மூலைக்குள் அகப்பட்ட குஞ்சைப் பெரிய கோழி விடுவதில்லை. துரத்துகிற கோழிக்கு, எதிரி இன்னும் விலகவில்லை என்றுதான் தெரிகிறது. ஓட இடமில்லாததால் அடங்கிப்போனதைக் காட்டக் குஞ்சுக்கு வழியில்லை.

சேவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேடுகள் சண்டை பிடித்தால் சேவல் இடையில் வந்து நிற்கும். சேவல் நிற்கும் கூட்டத்தில் பேடுகளுக்குள் சண்டை குறைவு என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நகரத்தில் கூவலுக்குப் பயந்து சேவலை வளர்க்க விடுவதில்லை. அந்த உதவி எங்களுக்குக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் கீழே சொல்லப்போகிற ஒவ்வொன்றும் அந்தத் தாய்க்குப் பதிலாக அல்லது அந்த வளவுக்குப் பதிலாக நாங்கள் செய்கிற வேலை. அப்படி நினைத்துச் செய்தால் எதை எந்த இடத்தில் கூட்டலாம், குறைக்கலாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை ஒழுங்காகக் குறித்துவைத்து உலகத்துக்குச் சொன்னவர் நோர்வே நாட்டுக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே. சின்ன வயதிலேயே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று எழுதிவைக்கத் தொடங்கியவர். 1920-களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும், இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும், இப்படியே கீழே போய், கடைசிக் கோழியை எல்லாமே கொத்தும். ஒருதரம் வரிசை அமைந்துவிட்டால் கொத்து மிகக் குறைந்துவிடும். ஒரு பார்வை, ஒரு கழுத்து நிமிர்வு போதும். வரிசை என்பது சண்டைக்காக ஏற்பட்டது என்று பலர் நினைக்கிறீர்கள். சண்டையை நிறுத்தி வைத்திருப்பதே அந்த வரிசைதான்.

புதுக் கோழி ஒன்று உள்ளே வந்தால் அந்த வரிசை மேலிருந்து கீழ்வரை குலையும். கூல், ஆலி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1944-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டத்தை மாற்றாமல் அப்படியே விட்டார்கள். இன்னொரு கூட்டத்தில் கோழிகளை அடிக்கடி எடுத்துப் புதியவற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றிக்கொண்டே இருந்த கூட்டத்தில் கொத்து கூடியது, தின்றது குறைந்தது, முட்டையும் குறைந்தது. இதனால் உங்களுக்கு நான் சொல்வது: வருடத்தில் ஒருதரம், கூட்டமாக, சேர்த்துவிடுங்கள். மாதத்துக்கு ஒன்று வாங்கி விடுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். ஒற்றைக் குஞ்சை ஒருபோதும் விடவேண்டாம். எல்லாக் கொத்தும் அந்த ஒன்றின் தலையிலேயே விழும். இரண்டு, மூன்று என்றால் கொத்தும் பங்கிடப்படும், பயத்தில் ஒதுங்கும்போது துணையும் இருக்கும்.

கூட்டுக்குள் விடுவதற்கு முன்னரே ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வசந்தத்தில் ஒருநாட் குஞ்சாக எடுத்து வீட்டுக்குள் வளர்த்தவை என்றால் அவை ஏற்கெனவே தனித்துத்தான் இருந்திருக்கின்றன. ஆனால் பண்ணைகளில் முட்டைக்கு வரும் பருவத்தில் விற்கிற விடைக்கோழிகளை வாங்கியவர்களும், யூலை 1 வீடு மாறும் நாளில் யாரோ கொண்டுபோக முடியாமல் தந்த கோழிகளை ஏற்றவர்களும், கோடைக்கு வாடகைக்குக் கோழி எடுத்தவர்களும் கவனியுங்கள். அவற்றை ஒரு மாதம் வேறாக வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைப்பது வேறாக வைப்பதாகாது. கராஜ், நிலவறை, வளவின் மறு கோடி என்று காற்றும் தூசியும் போய்ச்சேராத இடம் வேண்டும். காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீன் போடுங்கள், பிறகு புதியவற்றுக்கு. செருப்பு வேறு, தண்ணீர்ப் பாத்திரம் வேறு.

சுகமாகத் தெரிகிற கோழி நோயைக் காவிக்கொண்டு வரும். மாரெக் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் அதை முதலில் விவரித்த ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெப் மாரெக்கின் பெயர் அதற்கு. காலும் செட்டையும் இழுத்துக்கொண்டு இளங்கோழிகள் விழும். இறகுத் தூசியில் பரவி மாதக்கணக்கில் கூட்டில் கிடக்கிற வைரஸ் அது. தடுப்பூசி போட்ட கோழிக்கு நோய் வருவது குறைவு, ஆனால் வைரஸ் தொற்றி அது பரப்பிக்கொண்டிருக்கலாம். ஆகவே உங்கள் பழைய கோழிகள் நல்ல சுகமாக நிற்பது புதுக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு என்று ஆகாது. குஞ்சு எடுக்கும்போதே மாரெக் ஊசி போட்டதா என்று கேட்டு எடுக்கவேண்டும். பொரித்த அன்றே போடவேண்டிய ஊசி அது, பிறகு போட்டுப் பயன் குறைவு. பேன், செவ்வுண்ணி, மூச்சு நோய்கள் என்று மற்றவையும் உண்டு. இரவில் டோர்ச் அடித்து இறகைப் பிரித்து, குதத்தைச் சுற்றியும் செட்டைக்கு அடியிலும் பாருங்கள்.

ஊரில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரு கிழமைக்குள் ஒழுங்கை முழுவதும் கோழி செத்ததைக் கண்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அநேகமாகச் சந்தையில் வாங்கிவந்த ஒரு கோழியில் தொடங்கியிருக்கும். இங்கே இப்போது எல்லோரும் பயப்படுவது எச்5என்1 பறவைக் காய்ச்சலுக்கு. 2021 டிசெம்பரில் நியூபவுண்ட்லாந்தில் கண்டு, 2022 ஏப்ரலில் கியூபெக் பண்ணைகளுக்கும் வந்தது. காட்டு வாத்துகளும் பனிவாத்துகளும் காவுவது. தீனையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே வையுங்கள், குருவிகள் வந்து தின்ன விடாதீர்கள். திடீரென்று இரண்டு மூன்று கோழி செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டாம். மிருக வைத்தியருக்கோ கனடிய உணவு ஆய்வு முகமைக்கோ அறிவியுங்கள்.

இனி வயது. வயதைவிட உடம்பைப் பாருங்கள் என்பேன். ஆறு கிழமையில் இறகு மூடிவிடும், பார்க்க ஆளாகிவிட்டது போல இருக்கும். ஆனால் தூக்கிப் பார்த்தால் பெரிய கோழியின் பாதிப் பாரங்கூட இருக்காது. ஏறக்குறைய 12 முதல் 16 கிழமையில்தான் உயரமும் பாரமும் கிட்டவரும். ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் எடுத்தவர்களுக்கு ஓகஸ்ட் நடுப்பகுதி சரியான காலம்.

தீன் விசயத்தில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் அளவில் இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் அளவே போதும். முட்டைக்கு வராத குஞ்சு அந்தத் தீனைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஒரே கூட்டில் நின்றால் இவை இதைத்தான் தின்னும் என்று காவலிருக்க முடியாது. வழி சுலபம்: எல்லாவற்றுக்கும் வளர்ச்சித் தீன் போடுங்கள், இடித்த சிப்பி ஓட்டை வேறொரு பாத்திரத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே போய்க் கொத்தும். கடைசிக் குஞ்சும் முட்டைக்கு வந்தபிறகு முட்டைத் தீனுக்கு மாறலாம்.

இப்போது தாயின் வேலைக்கு வருவோம். தாய் செய்தது, கிட்ட நின்று பார்க்கவிட்டு, தொடவிடாமல் காத்தது. அதற்குக் கம்பி வலை போதும். அடைப்பின் ஒரு பக்கத்தை வலையால் மறித்துக் குஞ்சுகளை அதற்குள் விடுங்கள். வலைக் கண் 12 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். கோழி வலை என்று விற்பதன் பெரிய கண்ணுக்குள்ளால் தலையை நீட்டிக் கொத்து வாங்கும், ரக்கூனும் கையை விட்டு இழுக்கும். மொன் றோயல் மலையில் ரக்கூனைப் பார்த்தவர்களுக்கு அதன் கை எப்படிப்பட்டது என்று தெரியும். இரண்டு கிழமை இப்படி இருக்கட்டும். தீன் பாத்திரங்களை வலையின் இரு பக்கமும் ஒட்டினாற்போல வையுங்கள், பக்கத்தில் நின்று தின்று பழகட்டும்.

அந்த இரண்டு கிழமையில் வலைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள். முதல் நாள் பெரிய கோழி வலையடிக்கு வந்து தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். பிறகு கழுத்து இறகு குடைபோல விரியும். வலையில் ஒரு கொத்து விழும். குஞ்சு இரண்டடி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, வேறெங்கோ பார்ப்பதுபோல நிலத்தைக் கிளறும். அந்தத் தாழ்த்தலைக் கண்டதும் பெரிய கோழியின் கழுத்து இறகு மெல்லப் படியும். நாட்கள் போகப்போக விரிவது குறையும். ஒருநாள் இரண்டும் வலையின் இரு பக்கமும் மண்குளித்துக்கொண்டு கிடக்கும். அன்றைக்குக் கதவைத் திறக்கலாம்.

திறப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. வலையின் அடியில் குஞ்சு நுழையக்கூடிய, பெரிய கோழி நுழைய முடியாத ஒரு சின்ன வாசல் வெட்டுங்கள். குஞ்சுக்கு விருப்பமென்றால் பெரியவர்களின் பக்கம் வரலாம், கொத்து விழுந்தால் ஓடித் தன் பக்கம் நுழையலாம். ஊரின் வாழையடியும் கிணற்றடியும் இப்போது அந்த வாசலுக்குள் வந்துவிட்டன. உள்ளே அவற்றுக்கென்று தீனும் தண்ணீரும் எப்போதும் இருக்கவேண்டும். குஞ்சு பெரிய கோழி அளவுக்கு வளர்ந்துவிட்டால் இந்த வாசல் சரிவராது. அப்படியென்றால் அடைப்புக்குள் மறைப்புகள் வையுங்கள்: சாய்த்துவைத்த பலகை, கவிழ்த்த பெட்டி, இரண்டு பக்கமும் வெளியேற வழியுள்ள எதுவும். ஒரு பக்கம் மூடிய பெட்டி மூலையைவிட மோசம். தீன் இரண்டு மூன்று இடத்தில், ஓரிடத்தில் நின்று மற்றதைப் பார்க்க முடியாதபடி. இடமும் வேண்டும். கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடி, வெளி அடைப்பில் பத்துச் சதுர அடி, குந்துதடியில் 25 சென்ரிமீற்றர் என்பதை ஆகக் குறைந்த அளவாக வையுங்கள். கூட்டில் அவ்வளவுதான் இடம், குஞ்சோ கூட என்றால் விடுவதைப் பற்றி யோசிக்கமுன் பலகையும் கம்பியும் வாங்குங்கள்.

அடைப்பைத் திறந்து வளவில் மேயவிட வசதியுள்ளவர்கள் அங்கேயே முதலில் சேர்த்துவிடுங்கள். மேய்ச்சலில் பெரிய கோழியின் கவனம் புழுவிலும் புல்லிலும் போகும். பின்னேரம், அடைகிற நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் திறந்தால் சண்டைக்கு நேரமும் இராது. ஒரு முழுக் கோவாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்துகிற ஆசை அதிலே தீரும்.

"இரவில கொண்டுபோய்த் தடியில வைச்சிட்டால் விடியத் தெரியாது" என்று சொல்பவர்களுக்கு: தெரியும். கோழிக்குக் கோழியின் முகம் தெரியும், கொண்டையும் தலையும் பார்த்து ஒவ்வொன்றையும் வேறுவேறாக அறியும். இரவில் வைப்பது நல்லதுதான், இருட்டில் கோழி சண்டை பிடிக்காது. ஆனால் வலைக்குப் பின்னால் பழகிய பிறகு செய்கிற கடைசி வேலை அது. வலையைத் தவிர்ப்பதற்குக் குறுக்கு வழியாக எடுத்தால், ஐந்து மணிக்கு வெளிச்சம் வரும், நீங்கள் ஏழு மணிக்கு எழும்புவீர்கள். இடையில் பூட்டிய கூட்டுக்குள் நடப்பதைத் தடுக்க ஆள் இல்லை. இரவில் வைத்தால் விடியமுன் எழும்பிப்போய்க் கதவைத் திறக்கவேண்டும்.

சேர்த்தபிறகு கொத்து இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு கொத்துக்கும் ஓடிப்போய்ப் பிரித்தால் வரிசை அமையவே மாட்டாது. எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்று தெரியவேண்டும். கொத்தி, இரண்டடி துரத்தி, விட்டுவிட்டால் அது பாடம். கீழே அமுக்கி ஏறி நின்று தலையிலேயே கொத்தினால், தண்ணீருக்குப் போகவிடாமல் வழிமறித்து நின்றால், குஞ்சு நாள் முழுவதும் தடியை விட்டு இறங்காமல் இருந்தால், பிரியுங்கள். இரத்தம் கண்டால் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். சிவப்பைக் கண்ட இடத்தில் கோழி திரும்பத் திரும்பக் கொத்தும், மற்றவையும் வந்து சேரும், தோழிக் குஞ்சே வந்து கொத்தும். காயம் ஆறி இறகு மூடும்வரை வலைக்கு அப்பால் வையுங்கள், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். முற்றாக எடுத்துவிட்டால் திரும்ப வரும்போது மறுபடி அந்நியம்.

ஒவ்வொரு பின்னேரமும் செய்யவேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, இதைத் தவறவிடாதீர்கள். குஞ்சுகள் தடியில் ஏறிக் குந்தியதும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்தடியில் வலது பக்கம் தீன்பையைத் தடவிப் பாருங்கள். தின்ற குஞ்சின் பை உருண்டு, உள்ளே தானியம் நெருடும். பட்டினி கிடந்ததன் பை தட்டையாய்த் தோலோடு ஒட்டிக்கிடக்கும். பகலில் அது தீன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதைக் கண்டிருப்பீர்கள், தின்றது என்று நினைத்திருப்பீர்கள். பக்கத்தில் நின்றதா, தின்றதா என்பதைக் கைதான் சொல்லும். நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் கூராகத் தட்டுப்பட்டால் பல நாளாகத் தின்னவில்லை. இரத்தக் கழிச்சலும் கூனிக்குறுகி நிற்பதும் கண்டால் அது கொத்தினால் வந்த சோர்வாக இராது, குடலைத் தாக்கும் கொக்சிடியா நோயாக இருக்கலாம். பெரிய கோழிகள் அதற்குப் பழகிவிட்டவை, குஞ்சுகள் பழகவில்லை. உடனே மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் சென்-யாசான்த்தில் இருக்கிறது. வீட்டுக்குக் கிட்ட கோழி பார்க்கிற வைத்தியர் யார் என்பதை நோய் வரமுன்னரே விசாரித்து வையுங்கள், எல்லா மிருக வைத்தியரும் கோழி பார்ப்பதில்லை.

ஒரே கோழிதான் எல்லாவற்றையும் துரத்துகிறது என்றால் குஞ்சுகளை எடுக்கவேண்டாம், அந்தக் கோழியை எடுங்கள். இரண்டு மூன்று நாள் மற்றவற்றின் கண்ணில் படாமல் வைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். அது இல்லாத நேரத்தில் வரிசை மாறியிருக்கும், திரும்பி வந்ததும் தன் இடத்தைத் தானே தேடவேண்டிவரும். பல வீடுகளில் இதோடு அடங்கிவிடும். அடங்காத கோழியும் உண்டு. அதை வேறு வளவுக்குக் கொடுத்துவிடுவதில் பிழை இல்லை.

நான் தொடக்கத்திலேயே பனியைப் பற்றி ஏன் சொன்னேன் என்றால், மொன்றியலில் நவம்பரில் தொடங்கினால் கோழிகள் ஏப்ரல் வரை கூட்டோடுதான். வருடத்துக்கு இரண்டு மீற்றருக்கு மேல் பனி விழுகிற ஊர் இது. ஜனவரியில் சராசரி −10 பாகை அளவில் நிற்கும். டிசெம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. பனியில் கால் வைக்கப் பெரும்பாலான கோழிகள் விரும்புவதில்லை. நாலு சதுர அடிக்குள், அரை இருட்டில், அந்நியக் கோழிகளை ஐந்து மாதம் பூட்டிவைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செப்ரெம்பர், ஒக்ரோபரில் பழைய கோழிகள் இறகு உதிர்க்கும். புது இறகுக் குருத்தில் இரத்தம் ஓடும், தொட்டாலே நோகும். அந்த நேரத்தில் அவை சினந்தும் இருக்கும், கொத்துப்பட்டால் எளிதில் இரத்தமும் வரும். ஆகவே செப்ரெம்பர் நடுவுக்குள் சேர்த்து முடித்துவிடுங்கள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் இந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு கூடாக வைத்துவிட்டு, வசந்தத்தில் பனி கரைந்தபின் வலையோடு தொடங்குங்கள். இரண்டு கூட்டுக்குத் தண்ணீர் உறையாமல் பார்ப்பது கூடுதல் வேலைதான். செத்த குஞ்சைத் தூக்குவதைவிட அது மேல்.

அடுத்த வருடம் குஞ்சு எடுக்க இருப்பவர்களுக்கு இரண்டு விசயம். முதலாவது இனம். இந்த மண்ணின் கோழி ஒன்று இருக்கிறது, எங்கள் ஆட்களில் பலருக்கு அதைத் தெரியாது. மொன்றியலுக்கு மேற்கே ஓகா மடத்தில் இருந்த வில்பிரிட் சத்தலான் என்ற துறவி, இந்தக் குளிரில் கொண்டை உறைந்து கருகாத ஒரு கோழி வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய சாந்தக்லேர்தான் அது. 1918-ல் வெளியே காட்டினார், 1921-ல் அமெரிக்கத் தர நூலில் ஏற்கப்பட்டது. கொண்டை தலையோடு ஒட்டிக்கிடக்கும், தாடி சின்னது. 1999-ல் கியூபெக் சட்டமன்றம் கனடியக் குதிரை, கனடியப் பசுவோடு சேர்த்து இதையும் மரபு இனமாக அறிவித்தது. கொண்டை பெரிய லெகோர்ன் கோழிகளுக்குக் குளிரில் கொண்டை நுனி கருகும், கருகிய இடத்தில் மற்றவை கொத்தும். சண்டை குறைய வேண்டுமென்றாலும் இது உதவுகிற இனம்.

இரண்டாவது, உங்கள் பழைய கோழிகளில் ஒன்று வசந்தத்தில் அடைக்கு இருந்தால் அதைத் தண்ணீரில் முக்கி எழுப்பவேண்டாம். அதுதான் இங்கே கிடைக்கக்கூடிய தாய். சில நாள் முட்டைமேல் நன்றாக இருக்கவிட்டு, ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றுக்கடியில் வைத்துப் பாருங்கள். விடியப்புறம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கொத்தாமல் கொக்கரித்து அணைத்தால் அன்றோடு உங்கள் வேலையில் பாதி குறைந்தது. விளக்கும் வேண்டாம், இரண்டு கிழமை வலையும் வேண்டாம், அந்தத் தாயே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் சேர்த்துவிடும். ஆனால் எல்லாக் கோழியும் அடைக்கு இராது. பண்ணை முட்டைக் கோழிகளுக்கு அந்தக் குணம் பெரும்பாலும் போய்விட்டது. கொச்சின், ஓர்பிங்டன், சில்கி இனங்களில் ஒன்றாவது கூட்டத்தில் நின்றால் வாய்ப்பு உண்டு.

பொரிப்பகங்களில் குஞ்சுக்குப் பெப்ரவரியிலேயே சொல்லிவைக்க வேண்டும், குறைந்தது இத்தனை எடுக்கவேண்டும் என்றும் சொல்வார்கள். தனித்தனியாக அலையாமல் சேர்ந்து எடுப்போம். எல்லாம் ஒரே நாளில் பொரித்த, மாரெக் ஊசி போட்ட குஞ்சுகளாக எடுத்து, வீட்டுக்கு மூன்று நாலு என்று பிரித்துக்கொள்ளலாம். அடைக்கோழி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த வீட்டுக்கு முதலில் கொடுப்போம். வலைச் சுருளையும் ஒன்றாக வாங்கினால் மலிவு. வலை அடிக்கத் தெரியாதவர்கள் இந்த ஓகஸ்டிலேயே சொன்னால், சனி ஞாயிறில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கோட்-டெ-நெய்ஜிலிருந்து உங்களில் ஒருத்தி